திரித்துவ ஞாயிற்றுக்கு முந்தின நாள்

2023 ஜூன் 3, சனிக்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்தேன். மின்சாரம் இல்லை, அன்றைய மின்வெட்டு முறைப்படி ஒன்பது மணிக்குத்தான் வர வேண்டும். முந்தின நாள் பிடித்து வைத்த தண்ணீரில் குளித்தேன். தெருமுனைக் கடையில் மோகிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, தின்கன்ஜூனில் பஸ் ஏறினேன். மழை பிடித்துக்கொண்டதால் சூலே பக்கம் வண்டிகள் நகரவில்லை. கியாக்டடாவில் நான் வேலை செய்யும் கப்பல் முகவர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கைப்பைக்குள் இருந்த கைக்குட்டை வரை நனைந்திருந்தது. சனிக்கிழமை அரை நாள் வேலை. மதியம் வீடு திரும்பி, சோறும் பருப்பும் வறுத்த கருவாடும் சாப்பிட்டேன். பிறகு கூடத்தைப் பெருக்கி, நான்கு நாற்காலிகள் போட்டேன்.

ஒன்று எனக்கு. ஒன்று பூக்கார அக்காவுக்கு. ஒன்று அவர் மகளுக்கு. நான்காவது, ஐந்து மணிக்கு வரப்போகும் எங்கள் போதகர் ஐயாவுக்கு.

இந்தப் பர்மிய நகரத்தில் எங்கள் தமிழ்ச் சபை சிறியது. பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது ஆண்டுக்கு ஒரே நாள், திரித்துவ ஞாயிறு அன்று. அதற்கு முன் மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் வகுப்பு உண்டு. வகுப்பை எடுப்பது நான். முந்தின நாள் மாலை போதகர் வந்து கேள்வி கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால் மறுநாள் ஞானஸ்நானம். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு. சபைக் கோயில் குழாயில் துருத் தண்ணீர் வருவதால் ஞானஸ்நானத்துக்கான தண்ணீரும் என் வீட்டிலிருந்துதான் போகும்.

அக்கா தாகேதா சந்தையில் பூ விற்பவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவருடைய முன்னோர்கள் துறைமுக வேலைக்கு வந்த இந்துக்கள். கணவர் எங்கள் சபைக்காரர். கணவர் உயிரோடு இருந்தவரை அக்கா கோயில் வாசலைத் தாண்டியதில்லை. அவர் அடக்கம் முடிந்த மறு ஞாயிறு, யாரும் அழைக்காமல், கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றவள்.

போன ஆண்டும் அக்கா இதே நாற்காலியில் உட்கார்ந்து ஐயாவின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

"கடவுள் எத்தனை பேர்?" என்று ஐயா கேட்டார்.

"மூணு பேருங்கய்யா. ஆனா சண்டை சச்சரவு இல்லாம ஒத்துமையா இருக்காங்க."

ஐயா சிரித்தார். சிரித்துவிட்டு, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். அவர் செய்தது சரி என்றே அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அக்காவும் வருத்தப்படவில்லை. "புரியாம தண்ணி ஊத்தினா வெறும் குளியல்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமும் வந்தார்.

இந்த ஆண்டு நிலைமை வேறு. மகளுக்குச் சிங்கப்பூரில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை விமானம். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். அதற்குப் பிறகு என்ன என்று இந்த ஊரில் இப்போது யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. அக்கா வகுப்பின் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்: "ஞானஸ்நானத்தப்ப எம்மக எம்பக்கத்துல நிக்கணும் சயாமா. எங்க வீட்டுல வேற யாரு இருக்கா?" ஆசிரியையைப் பர்மிய மொழியில் சயாமா என்பார்கள். தங்கச்சி என்று கூப்பிடுங்கள் என்று பலமுறை சொல்லியும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆகவே இந்த மூன்று மாதமும் நான் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். என் அலுவலக வேலை சரக்குக் கப்பல் ஆவணங்களைத் தயாரிப்பது. அதில் 'என்ன சரக்கு' என்பதற்கு ஓர் இடம், 'யார் அனுப்புகிறார், யாருக்கு' என்பதற்கு வேறு இடம். ஒன்றில் எழுத வேண்டியதை மற்றதில் எழுதினால் பெட்டி துறைமுகத்திலேயே கிடக்கும். திரித்துவம் குழப்பமாகத் தெரிவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். 'என்ன' என்று கேட்டால் பதில் ஒன்று: கடவுள். அதைத்தான் தன்மை என்கிறோம். கடவுள் எதனால் கடவுளோ அது. 'யார்' என்று கேட்டால் பதில் மூன்று: பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. ஒவ்வொருவரும் ஓர் ஆள்தத்துவம். ஆள் என்றதும் உடம்பை நினைக்கக் கூடாது. 'நான்' என்று சொல்லவும் இன்னொருவரை 'நீர்' என்று அழைக்கவும் கூடியவர் ஆள். குமாரன் பிதாவை 'நீர்' என்று அழைத்து ஜெபிக்கிறார். ஆகவே இருவரும் ஒரே ஆள் அல்ல. ஆனால் தன்மை மூவருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கப்படவில்லை. ஒவ்வொருவரிடமும் முழுமையாக இருக்கிறது. ஒன்று மூன்றுக்குச் சமம் என்று யாரும் சொல்லவில்லை. எண்ணப்படுவது இரண்டு இடத்திலும் வேறு வேறு.

மூன்று மணிக்கு இருவரும் வந்தார்கள். அக்காவின் கூடையில் பிளாஸ்டிக் போட்டு மூடிய மல்லிகை. மகள் கன்னத்தில் மழையில் கரைந்த தானகாப் பூச்சு, கையில் போன்.

"இன்னிக்கு நல்லாச் சொல்லுவேன் சயாமா. ராத்திரி முழுக்கச் சொல்லிப் பாத்தேன். இவளுக்குத்தான் தூக்கமில்ல" என்றார் அக்கா.

"சரிக்கா, சொல்லுங்க. கடவுள் எத்தனை?"

"ஒருத்தர்."

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவி?"

"மூணு ஆள்தத்துவம். தன்மை ஒண்ணு. ஆளுங்களக் கலக்கவும் கூடாது, தன்மையப் பிரிக்கவும் கூடாது."

ஓர் எழுத்து பிசகவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போது மகள் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சிரித்தாள்.

"வாய் ஒண்ணு சொல்லுது சயாமா. வீட்டு ஷெல்ஃபு வேற ஒண்ணு சொல்லுது."

"சும்மா கெடடி" என்றார் அக்கா.

"என்ன ஷெல்ஃபு?" என்றேன்.

சிங்கப்பூருக்குக் கொண்டுபோக வீட்டை மூலைக்கு மூலை படம் எடுத்து வைத்திருந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். சுவரில் ஒரு மரப் பலகை. நடுவில் சிலுவை. சிலுவைக்குக் கீழே மூன்று பாத்திரங்களில் பூ: ஒரு பெரிய எனாமல் கோப்பை, ஒரு கண்ணாடி டம்ளர், டீக்கடையில் கொடுப்பது போன்ற ஒரு சின்னப் பீங்கான் கோப்பை.

"பெரிசு பிதாவுக்கு" என்று மகள் விளக்கினாள். "கிளாசு இயேசப்பாவுக்கு. சின்னது ஆவியானவருக்கு. காலைல மூணுலயும் பூ மாத்துவாங்க. ஆவியானவருக்கு மட்டும் பழைய பூ."

"பழைய பூ இல்ல. உதிரிப் பூ" என்றார் அக்கா.

நான் அக்காவைப் பார்த்தேன். "யார்கிட்ட என்ன கேப்பீங்க அக்கா?"

அவர் மறைக்கவில்லை. "மழை, யாவாரம், கரண்டு இதெல்லாம் பிதாகிட்ட. உடம்புக்கு முடியலன்னா இயேசப்பாகிட்ட. அவருதானே நோவு தீத்தாரு. இவ பரிச்சை, இங்கிலீசு, புத்தி வேணுங்கறதெல்லாம் ஆவியானவருகிட்ட."

"இவ பிளேன்ல போறதுக்கு?"

"அதுலதான் எனக்குக் கொழப்பம். ஆகாசம் பிதாவோடது. ஆனா புறா மாதிரி எறங்கினது ஆவியானவரு. அதனால ரெண்டு பேருகிட்டயும் வேண்டிக்கிட்டேன். இயேசப்பா கோவிச்சுக்குவாரோன்னு அவருக்கும் ஒரு மொழம் கூட வச்சேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அக்காவின் கடையில் காலை நேரத்தில் நான் நின்றிருக்கிறேன். புத்தர் பகோடாவுக்கு ஒரு கட்டு, வீட்டு நாட் தெய்வத்துக்கு வேறு கட்டு, காளி கோயிலுக்குத் தனி மாலை. ஒருவருக்கென்று வாங்கியதை இன்னொருவருக்கு வைக்கக் கூடாது. அதை வாங்குபவர்களுக்கே எடுத்துச் சொல்பவர் அக்காதான். அந்தத் தொழிலில் அவர் கெட்டிக்காரர். அதே கெட்டிக்காரத்தனத்தோடு கடவுளையும் மூன்று கட்டாகக் கட்டி வைத்துவிட்டார். என் பாடம் அவர் நாக்குக்குப் போயிருந்தது. கைக்குப் போகவில்லை.

ஐயா வர இன்னும் நேரம் இருந்தது.

மகள் உதவிக்கு வந்தாள். அவள் ஞாயிறு பள்ளியில் பர்மிய மொழியில் படித்தவள். திரித்துவத்துக்கான பர்மியச் சொல்லை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். "அம்மா, நான் வீடியோல பாத்தேன். ஐஸு, தண்ணி, ஆவி. மூணும் ஒண்ணுதான். ஹோக்தே நோ?" சரிதானே என்று என்னைப் பார்த்தாள்.

"சரியில்ல" என்றேன். "ஒரு கப்பு தண்ணி ஐஸா ஆயிட்டா அப்போ அது தண்ணியா இல்ல. அப்படிப் பாத்தா ஒரே ஆள் மூணு வேஷம் போட்டு வர்ற மாதிரி ஆயிடும். இயேசு ஆத்துல நின்னு ஞானஸ்நானம் வாங்கறார். அதே நேரத்துல மேலேருந்து பிதாவோட சத்தம் கேக்குது. அதே நேரத்துல ஆவியானவர் புறாவைப் போல இறங்கறார். வேஷம் மாத்தறதுக்கு அங்க நேரமே இல்ல."

"நாடகக்காரன் இல்லன்னு சொல்றீங்க" என்றார் அக்கா.

"ஆமாக்கா. மூணு கடவுளும் இல்ல, ஒரே ஆளோட மூணு வேஷமும் இல்ல."

பிறகு பெரிய கோப்பைக்கு வந்தேன். பிதா ஏன் பெரியவர் என்று கேட்டேன்.

"அப்பா மொதல்ல, புள்ள அப்புறம். எந்த வீட்டுலயும் அதுதானே மொற?"

"நீங்க எப்பத்திலேருந்து அம்மா?"

"இவ பொறந்ததுலேருந்து."

"அதுக்கு முன்ன?"

"அதுக்கு முன்ன நான் ஏது அம்மா? சும்மா ஒரு பொம்பள."

"நமக்கு அப்படி. ஆனா பிதா ஒரு நாள் புதுசாப் பிதா ஆனவர் இல்ல. எப்பவுமே பிதா. எப்பவுமே பிதான்னா குமாரனும் எப்பவும் இருக்கணும். குமாரன் இல்லாத ஒரு காலம் இருந்திருந்தா அந்தக் காலத்துல அவர் பிதாவா இருந்திருக்க முடியாது. குமாரனை உண்டாக்கலை, ஜெநிப்பிச்சார்னு சொல்றது அதுக்குத்தான். நீங்க மாலை கட்டறீங்க. மாலை உங்களைப் போல மனுஷி இல்ல. மகளைப் பெத்தீங்க, மக உங்களைப் போலவே மனுஷி. உண்டாக்கறதுக்கும் ஜெநிப்பிக்கறதுக்கும் அந்த வித்தியாசம். ஆவியானவர் பிதாகிட்டேருந்து புறப்படுகிறவர், அவரும் அதே தன்மை. யாருக்கும் சின்னக் கோப்பை கெடையாது."

அக்கா மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப வேலை?" என்று கேட்டார். "வேலையாவது பிரிச்சிருப்பாங்கல்ல?"

"இல்லக்கா. மனுஷனாப் பொறந்தது குமாரன் மட்டும்தான். அது அவருக்கே உரியது. ஆனா நம்மைப் படைச்சது, காப்பாத்தறது, நோய் தீக்கறது, புத்தி கொடுக்கறது எல்லாம் மூவரோட ஒரே செயல். மூணு பேர் சேந்து ஒரு மூட்டையைத் தூக்கற மாதிரி இல்ல. சித்தம் ஒண்ணு, வல்லமை ஒண்ணு. நாம பிதாகிட்டக் கேக்கறோம். குமாரன் மூலமாக் கேக்கறோம். நம்மளைக் கேக்க வைக்கிறவரே ஆவியானவர்தான்."

"அப்ப வார்டு ஆபீசு மாதிரி இல்ல."

"இல்ல."

"மேசை மேசையாப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டாம்."

"வேண்டாம்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம் சயாமா."

"ரெண்டாவது மாசம் சொன்னேன் அக்கா."

"ஆமா, நீங்க புஸ்தகத் தமிழ்ல சொன்னீங்க" என்றாள் மகள். அக்கா அவள் முட்டியில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஐயா வரும் நேரம் நெருங்கியதும், மகள் படத்தை அழித்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அக்காவிடம், "ஐயா கேட்டா மறைக்காதீங்க, கேக்கலன்னா நீங்களா ஆரம்பிக்க வேண்டாம்" என்று சொன்னேன். அது நியாயமான ஆலோசனை என்றே எனக்குப் பட்டது. அக்கா பூக்கூடையின் பிளாஸ்டிக்கை மடித்து மடித்துச் சிறிதாக்கிக்கொண்டிருந்தார்.

ஐயா ஐந்து மணிக்கு வந்து, குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். கேள்விகள் தொடங்கின. கடவுள் எத்தனை, ஆள்தத்துவம் என்றால் என்ன, தன்மை என்றால் என்ன, குமாரன் உண்டாக்கப்பட்டவரா. அக்கா எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். ஐயா தலையசைத்து, ஜெபிக்கலாம் என்று கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும்" என்றார் அக்கா.

மகள் செருப்பில்லாத காலால் அம்மாவின் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. அக்கா காலை இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மூன்று பாத்திரம், உதிரிப் பூ, கரண்டுக்குப் பிதா, இங்கிலீசுக்கு ஆவியானவர். "காலைல வரைக்கும் அப்படித்தான் வச்சிருந்தேன். சயாமாவுக்கும் இன்னிக்குத்தான் தெரியும். நாளைக்குத் தண்ணி ஊத்தினப்புறம் உங்களுக்குத் தெரிஞ்சா நல்லாருக்காது."

ஐயா டீக்கோப்பையைக் கீழே வைத்தார். "பெரிசு யாருக்கு?"

"பிதாவுக்குங்கய்யா."

எனக்கு ஐயாவைத் தெரியும். இதைவிடச் சிறியதற்கு ஒருவரை ஓராண்டு காக்க வைத்திருக்கிறார். வெளியே தெருவில் யாரோ "மீ லா பீ" என்று கத்தினார்கள். விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். தலைக்கு மேல் மின்விசிறி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழமை மக பிளேன்ல இருப்பா" என்றார் ஐயா. "நீங்க வீட்டுல தனியா. யார்கிட்ட என்னன்னு வேண்டுவீங்க? அங்க உக்காந்து வேண்டற மாதிரியே சொல்லுங்க."

இந்தக் கேள்வி என் பாடத்தில் இல்லை.

அக்கா யோசித்தார். பிறகு நிதானமாகப் பேசினார். "பிதாகிட்டக் கேப்பேன். பிதாவே, எம்புள்ளைய அனுப்பிட்டேன். நீங்களும் புள்ளைய அனுப்பினவரு, உங்களுக்குத் தெரியும். அந்தப் புள்ள பேரச் சொல்லித்தான் கேக்கறேன், இவளைப் பாத்துக்கங்கன்னு சொல்லுவேன். அதுக்கு மேல எனக்குப் பேச்சு வராது. வராட்டி ஆவியானவரு சொல்லிக்குவாரு." கொஞ்சம் நிறுத்தினார். "அவ்வளவுதாங்கய்யா. மத்த ரெண்டு பேருகிட்டத் தனியாப் போய்ச் சொல்ல மாட்டேன். அவங்களும் அங்கதானே இருக்காங்க."

ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"காலைல எட்டரைக்கெல்லாம் வந்துடுங்க. வெள்ளை உடுத்துங்க" என்றார். பிறகு, அவர் சுபாவப்படி, ஒரு திருத்தமும் சொன்னார். "அனுப்பிட்டேன்னு சொன்னீங்களே, அதோட ஒப்புக்கொடுக்கறேன்னும் சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா?"

"தன்மை ஒண்ணு, ஆள்தத்துவம் ரெண்டு" என்றாள் மகள். ஐயா உட்பட எல்லோரும் சிரித்தோம். அப்படிச் சொல்வது இறையியல்படி தவறு என்பதையும் நான் அவளுக்குச் சொன்னேன். "தெரியும் சயாமா" என்றவள், உடனே முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் குடையை எடுக்கும்போது ஐயா என்னிடம், "கடைசிப் பதில் நீங்க சொல்லிக்கொடுத்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

இந்தச் சொற்களெல்லாம் படித்த போதகர்களுக்குத்தான், சாதாரண ஜனங்களுக்கு விசுவாசம் போதும் என்று எங்கள் சபையிலேயே சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஆள்தத்துவம், தன்மை என்ற சொற்கள் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பலகையில் என்ன தவறு என்று எனக்கும் தெரிந்திருக்காது, அக்காவுக்கும் தெரிந்திருக்காது. மகள் விமானத்தில் இருக்கும்போது எந்தக் கோப்பையில் பூ குறைந்தது என்று ஒரு தாய் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். பயப்பட வேண்டியதில்லை என்று சொல்வதற்கு மட்டும் அன்பு போதும். ஏன் பயப்பட வேண்டியதில்லை என்று சொல்வதற்குச் சரியான சொல் வேண்டும்.

அக்கா கிளம்பும்போது பாத்திரங்களை என்ன செய்வது என்று கேட்டார். தூக்கிப் போடவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் பயமாக இருக்கிறதாம்.

"பெரிசுல டீ குடிங்க" என்றேன்.

"அது சும்மா எனாமல்தான். அவ்வளவு டீ யாரு குடிப்பா?"

"சின்னதை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள் மகள். "அங்க காலைல டீக்கு வேணும்." தாகேதா பஸ்ஸுக்கு இருவரும் ஒரே குடையில் போனார்கள். கூடையில் இருந்த மல்லிகை முழுவதையும் அக்கா என் மேசையில் விட்டுப் போயிருந்தார், கோயிலுக்கென்று, ஒரே கட்டாக.

ஜூன் 4, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை மின்வெட்டு முறை வேறு. ஐந்து மணிக்கே மின்சாரம் வந்தது. முதலில் மோட்டாரைப் போட்டேன். ஆரம்பத்தில் வந்த கலங்கல் தண்ணீரை வாசலுக்கு விட்டு, தெளிந்த பிறகு ஞானஸ்நானத்துக்கான குடத்தை நிரப்பி, துவைத்த வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி வைத்தேன்.